மூலையில் நின்ற கேடயக்காரன்

இல்லாத ஒரு வைத்தியச்சியை விதிப்புத்தகத்தைக் காட்டிக் கொன்று, இருந்த மூன்று நண்பர்களையும் இழந்தவன் நான். வயது ஐம்பத்து மூன்று. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மலேசியாவில், புக்கிட் செந்தோசாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியம் நாங்கள் நால்வர் ஒரு சாகச விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். கட்டம் போட்ட தாளில் விரல் உயரப் பொம்மைகள். அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைப் பகடை சொல்லும். அரக்கர்களை ஏவுவதும் விதிகளுக்குப் பொருள் சொல்வதும் என் பொறுப்பு. அசாம் ஜாவாவிலிருந்து லோரி ஓட்டும் என் பள்ளித் தோழன் வருவான், அவன் கேடயக்காரன். ரவாங்கிலிருந்து சர்ச்சில் பூசை முடித்துக்கொண்டு ஓர் ஆசிரியையும் அவர் கணவரும் வருவார்கள். ஆசிரியை வைத்தியச்சி, கணவர் வில்லாளி. ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தோம். வேலை, பேரப்பிள்ளை, சிறுநீரகம் என்று மற்றவர்கள் உதிர்ந்துபோனார்கள். இனி ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் இல்லை. எனக்கோ வாரத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று அரக்கனின் கோடரி வைத்தியச்சியின் மேல் இறங்கியது. ஏற்கெனவே குற்றுயிர், இது விழுந்தால் சாவுதான்.

“இவ செத்தா நான் ஆட்டத்த விட்டு நின்னுக்குவேண்ணே. இன்னொருத்திய முதல்லேர்ந்து வளக்க எனக்குப் பொறுமை இல்ல” என்றார் ஆசிரியை.

கேடயக்காரனுக்கு ஒரு வித்தை உண்டு: அருகில் நிற்கும் தோழர்மேல் விழும் அடியை அவன் ஏற்கலாம். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. “அடிய எம்மேல போடு” என்றான் என் நண்பன்.

ஆனால் அவனுடைய பொம்மை குறுக்காக நின்றது. இரண்டு கட்டங்களும் மூலையில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தன. மூலை என்பது அருகா என்று புத்தகம் வாய் திறக்கவில்லை.

“மூலையில நிக்கிறவன் எப்படிடா பக்கத்துல நிக்கிறவன் ஆவான்?” என்றேன்.

“என்னா லா நீ. கைய நீட்டுனா எட்டுது.”

“பின்சந்துக்கு அந்தாண்ட மூலை வீடு இருக்கே, அது உனக்குப் பக்கத்து வீடா?”

“கல்யாணம்னா அவங்களுக்கும்தானே பத்திரிகை வைக்கிறோம்” என்றார் ஆசிரியை.

நல்ல வாதம். ஏற்றிருக்கலாம். ஆனால் நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிப்பவன். வெள்ளம் கூரை வழியாக வந்ததா, வாசல் வழியாக வந்ததா என்று கேட்டே வயிறு வளர்த்தவன். ஒரு விதிக்கு இரண்டு பொருள் இருந்தால், ‘இல்லை’யில் முடிகிற பொருள்தான் என் கண்ணில் முதலில் படும்.

ஓட்டெடுப்புக்கு விட்டோம். கை தூக்கினோம். கணவர் என் பக்கம். “சட்டம்னா சட்டம்தான்” என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னோர் ஓட்டு உண்டு என்பது எந்தக் கோயில் கமிட்டியிலும் உள்ள வழக்கம். எங்கள் நால்வருக்குத் தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானே போட்டுவிட்டேன்.

பகடை உருண்டது. வைத்தியச்சி செத்தாள்.

ஆசிரியை தன் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். “பலகாரம் நல்லா இருந்துச்சுண்ணே” என்றார். அந்த மரியாதையில்தான் எல்லாம் முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. நண்பன் கேடயக்காரனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நீ வீட்டுலயும் ஆபீஸ்தான்டா நடத்துற” என்று கிளம்பினான். என்னை ஆதரித்த கணவர், வீட்டில் நிலைமை சரியில்லை என்று செய்தி அனுப்பியதோடு சரி.

அதன்பின் ஞாயிறுகளில் அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படிப் படித்தாலும் அவள் பிழைத்திருக்கலாம் என்றே பட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு அசாம் ஜாவாவுக்குப் போனேன். சாலையோர ஒட்டுக்கடையில், தன் லோரிக்குப் பக்கத்தில் நண்பன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“மூலையும் பக்கம்தான்டா. அடி உம்மேல விழுந்ததா வச்சுக்குவோம். அவ சாகல. ஞாயித்துக்கிழம வா.”

“ஞாயித்துக்கிழம இப்ப லோடு ஏத்துறேன். டீச்சரும் சர்ச்சு பாட்டுக் குழுவுல சேந்துட்டாங்களாம்.”

“உன் கேடயக்காரன்?”

அவன் லோரிக்குள் கை காட்டினான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார். சற்றுத் தள்ளி, குறுக்காக, கேடயத்தைத் தூக்கியபடி அந்தப் பொம்மை.

“மூலையிலதான் நிக்கிறான்” என்றான். “பிள்ளையாரு ஓட்டெடுப்பு ஒண்ணும் வைக்கல.”