ஷேர் ஆட்டோ தேர்ந்தெடுத்த சவுதி ஊர்

சவுதியில வேலை. குடும்பத்தோட போக ரியாத், ஜெட்டா, தம்மாம், மூணுல ஒண்ணை நாளைக்குள்ள சொல்லணும்.

சிறுசேரியில ஷேர் ஆட்டோ ஏறி, இதைப் போன்ல பேசித் தொலைச்சேன்.

டிரைவர் திரும்பி, "அண்ணாத்த, கடல் எங்க கீது?"ன்னார்.

"ஜெட்டா, தம்மாம் ரெண்டுலயும்."

"அப்போ ரியாத்த வுடு. கோவளம் காத்து வாங்கின ஒடம்பு, தாங்காது."

பக்கத்துல மீன்கூடையோட உக்காந்திருந்த அம்மா, "ஜெட்டா போ நைனா, பேரு ஷோக்கா கீது"ன்னாங்க.

கேளம்பாக்கம் வர்றதுக்குள்ள ஓட்டெடுப்பே நடந்துச்சு. ஜெட்டாவுக்கு டிரைவரும் ஹேண்டில்பாரை விட்டுட்டு கை தூக்கினார். நான் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட ஜெட்டாதான்னு பெருமையா சொன்னேன்.

"ஜெட்டாவுல உங்க அக்கா இருக்காங்க. தம்மாம்."

அவ்ளோதான்.

தம்மாம் நண்பர்களே, ஸ்கூல், வீடு பத்தி சொல்லுங்க. என் சொந்தக்காரங்க யாராவது அங்க இருந்தா மட்டும் கமெண்ட் போடாதீங்க. அவளும் இதைப் படிக்கிறா.