கோச் லிங்கத்துக்குச் சொல்ல வராத வார்த்தை

காலையில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பழைய மாணவி யோகேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. எதற்கும் வாட்ஸாப்பில் குரல்பதிவு அனுப்புகிறவள் அவள். போன் போட்டிருக்கிறாள் என்றதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. “டீச்சர், கோச் போயிட்டாரு. விடிகாலையில, தூக்கத்துலயே.” ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிரம்பானில் எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குப் பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த தர்மலிங்கத்தை உங்களில் பலருக்குத் தெரியும். பெடாஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். பகலில் டயர் கடை மேற்பார்வையாளர், மாலையில் கோச். நான் அங்கே கணக்கியல் ஆசிரியை. வெளியூர் ஆட்டங்களுக்குப் பெண் ஒருத்தி துணைக்குப் போகவேண்டும் என்று என்னை ‘மேனேஜர்’ ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்த விளையாட்டில் ஆனா ஆவன்னா தெரியாது. முதல் ஆட்டத்தில் எதிரணி பந்து போட்டபோதும் உற்சாகமாகக் கைதட்டி, நம் பிள்ளைகளின் முறைப்பை வாங்கிக்கொண்டேன்.

லிங்கத்திடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்துக்கு முன்னால் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, எதிரணி நம்மைப் பற்றி என்ன சொல்லித் திரிகிறது என்று ஒப்பிப்பார். “நம்மகூட ஆடுறது அவங்களுக்குச் சும்மா வார்ம்-அப்பாம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிட்டுக் கிளம்பிருவாங்களாம்.” பெண்களுக்கு மூக்கு விடைக்கும். கடைசியில், “நீங்க ஜெயிப்பீங்கன்னு எவனும் நெனக்கல. அது நமக்கு வசதி. போய் ஆடுங்க,” என்பார். பிள்ளைகள் பேய் பிடித்ததுபோல் ஆடுவார்கள்.

நானும் அதையெல்லாம் அப்படியே நம்பினேன். கோலாலம்பூர்க் கல்லூரி ஒன்றின் கோச், வயதான சீனர், எங்களைப் ‘பிக்னிக் வந்த கூட்டம்’ என்று சொன்னதாக லிங்கம் சொல்லியிருந்தார். அன்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆட்டத்தின் நடுவில் நம் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, அதே மனிதர் ஐஸ் பையோடு ஓடிவந்து, தரையில் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துவிட்டார். எனக்கு மண்டை குழம்பிவிட்டது. திரும்பும்போது லிங்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த அங்கிள் ஒண்ணுமே சொல்லல லா, டீச்சர். நாந்தான் சொன்னேன்,” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“பொய்யா?”

“பொய்னு சொல்லாதீங்க. சோத்துக்குத் தொட்டுக்கிற சம்பல் மாதிரி. அது இல்லாட்டி இதுங்களுக்கு இறங்காது.”

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்லூரி புது ஜெர்சி தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றவர் அவர். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பழையதே போதுமாம். “புதுசு போட்டுட்டுப் போனா நம்மளையும் ஆளுன்னு நெனச்சிருவாங்க. அப்புறம் எப்படி ஜெயிக்கிறது?” என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு அதே வெளுத்த ஜெர்சியோடு கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

கோப்பை வந்ததுதான் அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அடுத்த ஆண்டு போகிற இடமெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரணிப் பெண்கள் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாருமே மதிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆடவைத்த மனிதருக்கு, எல்லோரும் மதிக்க ஆரம்பித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய பல்லவியையே பாடினார். பெண்கள் தலையைக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரையிறுதி ஆட்டம். எதிரில் அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்த குழு. நாங்கள் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் லிங்கம் ஆரம்பித்தார். “வெளியில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? போன வருஷம் ஏதோ லக்குல ஜெயிச்சாங்க, எஸ்டேட்டுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் நிலைக்காதுன்னு பேசிக்கிறாங்க.”

யோகேஸ்வரி எழுந்தாள். எங்கள் கேப்டன், மம்பாவ் ஊர்ப் பெண், குழுவிலேயே உயரம். “யாரு சொன்னா, கோச்?”

“வெளியிலதான்…”

“பேரு சொல்லுங்க.” அவர் துண்டைத் தேடினார். “யாரும் சொல்லலல்ல? உன்னால முடியாதுன்னு நான் ஸ்கூல்லயே கேட்டுட்டேன். எங்கம்மா ஃபேக்டரியில தினம் கேக்கறாங்க. இங்கயும் அதையேதான் கேக்கணுமா? நாங்க சாம்பியன், கோச். நல்லா ஆடுறீங்கன்னு ஒரு தடவ சொல்லுங்க.”

லிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுத்தவர் வாயில் அத்தனை ஏச்சுகளை இட்டுக்கட்டி வைத்தவருக்கு, சொந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

“எனக்கு அது வராதும்மா,” என்றார். “என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.”

ஆனாலும் ஆரம்பித்தார். குழுவிலேயே குள்ளமான பெண்ணைப் பார்த்து, “நீ… பந்து கைய விட்டுப் போனதும் நிக்கமாட்ட. பின்னாலயே ஓடுவ. அது நல்லா இருக்கும்,” என்றார். அடுத்தவளிடம் நகர்ந்தார். ஒவ்வொருத்தியிடமும் ஒன்று. கடைசியாக யோகேஸ்வரியிடம், “தப்புப் பண்ணுனா நீ மறைக்கமாட்ட. நடுவர் பாக்கிறதுக்கு முன்னயே கையத் தூக்கிருவ. எனக்கு அது ரொம்பப் புடிக்கும்,” என்றார். எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

அன்று ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரும் வழியெல்லாம் பெண்கள் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தார்கள். லிங்கம் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுல எனக்கும் ஒரு பிள்ள இருக்கு, டீச்சர். மலர். அவகிட்ட நான் இப்படி ஒண்ணுமே சொன்னதில்ல.”

“இன்னைக்குப் போய்ச் சொல்லுங்க.”

“அவ சிரிப்பா, டீச்சர்.”

“சிரிக்கட்டுமே.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு அவர் அடுத்தவர் வாயில் வார்த்தை வைப்பதை விட்டுவிட்டார். எப்போதாவது பழக்கதோஷத்தில், “அவங்க என்ன சொல்றாங்கன்னா…” என்று இழுத்தால், பெண்கள் ஒரே குரலில், “யாரு சொன்னா, கோச்?” என்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

யோகேஸ்வரி போன் செய்த அன்று, பாரோயில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோது பழைய மாணவிகள் பலர் வந்திருந்தார்கள். கோச் தன்னிடம் என்ன சொன்னார் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். மலர் ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆண்டி, அப்பா இப்படியெல்லாம் பேசுவாரா? என்கிட்ட ஒரு நாள்கூட இப்படிச் சொன்னதில்லையே.”

பஸ்ஸில் பேசியதை அப்படியே சொன்னேன்.

“என்ன சொல்றதா இருந்தாராம்?”

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் பாணியே எனக்கு அத்துப்படி. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு இட்டுக்கட்ட மனம் வரவில்லை. “அத என்கிட்ட சொல்லலம்மா. சொல்லணும்னு தவிச்சாரு, அது மட்டும் தெரியும். நீ சிரிப்பேன்னு பயந்தாரு.”

மலர் அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியைப் பார்த்தாள். “சிரிச்சிருப்பேன்தான் லா, ஆண்டி. நல்லாச் சிரிச்சிருப்பேன். அப்புறம் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதிருப்பேன்.”

லிங்கம் வீட்டில் சொல்லாமல் விட்டுப்போன வார்த்தையைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும், ஈப்போவில் வேலை பார்க்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். “நீ நல்ல பிள்ளடா. ஒனக்குச் சொன்னதே இல்ல,” என்றேன். “என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். நான் போனை வைக்கவில்லை. அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை சொன்னேன்.