பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடம்

பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. சென்னையில் இரண்டு நாள் பயிலரங்கம் நடத்தி, மத்தியானச் சாப்பாடு போட்டு, சான்றிதழும் கொடுத்தார்கள். கணினியில் புரோகிராம் எழுதுகிறவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் தன் மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். நாம் அவர் பேச்சையும் திரையையும் பதிவு செய்துகொண்டு, நோட்டில் குறிப்பெடுக்க வேண்டும். உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது, புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. அவர் வாயை மூடிக்கொண்டால் ‘பேசுங்க’ என்று மட்டும் சொல்லலாம். சாஃப்ட்வேர் எழுதக் கற்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், விழுந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கப் போனால் ஆய்வு கெட்டுவிடும்.

செஞ்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் உதவிப் பேராசிரியை. பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு. அப்போது ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. என் கணவர் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, கடையில் இரண்டு பேர் ஒரு தாழ்ப்பாளுக்காகப் போட்ட சண்டையை நடித்தே காட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“இன்னா, வீட்லயும் ரெக்கார்டிங்கா?” என்றார்.

சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை. அதற்கு முந்தின வருடம் என் நைனா இறந்தபோதும் இதே கதைதான். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், யார் எப்போது அழ ஆரம்பிக்கிறார்கள், யாரைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று கவனித்துக்கொண்டு நின்றேன். என் அழுகை பிறகு வரும் என்று நினைத்தேன். இதுவரை வரவில்லை.

எங்கள் கணினி லேபுக்கு உதவியாளராக ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிட நாலு வயது பெரியவர். வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவார். டிப்ளமோ படித்தவர். காலையில் கணினிகளின் உறையைக் கழற்றி எல்லாவற்றையும் போட்டுவிடுவது, சாயங்காலம் அணைத்து மூடுவது, நடுவில் கெட்டுப்போனதைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் அவருக்கு எழுதிக் கொடுத்த வேலை. ஆனால் பதினேழு வருடம் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துப் பார்த்தே அவர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். லேபில் யாராவது மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. இல்லை என்று எழுதினால் பொய்.

அந்த வருடம் அக்கா தபால் வழியில் பி.சி.ஏ. சேருவதாக இருந்தார். எங்கள் பழைய மாணவி ஒருத்தி திண்டிவனத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். ‘டிகிரி மட்டும் முடிங்க, டெஸ்டிங் வேலைக்கு நான் சொல்றேன்’ என்று அவள் சொன்னதை அக்கா என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். விண்ணப்பத்தை லேப் கணினியிலேயே நிரப்பிவிட்டார். போட்டோ ஏற்றியாகிவிட்டது. அனுப்பும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் அவர் கை நின்றுபோயிருந்தது. கடைசித் தேதி அந்தச் சனிக்கிழமை.

நான் சொல்லப்போவது அந்த வாரத்துப் புதன்கிழமை. என் ஆய்வுக்குப் பன்னிரண்டு பேர் தேவை. மூன்றரை மணிக்கு உட்கார வேண்டிய மாணவி, மேல்சித்தாமூர் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

“நான் ஒக்காரட்டுமா மேடம்?”

“உங்களுக்கு வேலை இல்லையா?”

“வேல கெடக்குது. எனக்கே ஒன்னு தெரிஞ்சிக்கணும். இதுல வந்துச்சுன்னா நாளைக்கே அப்ளிகேஷன அனுப்பிடுவேன். வரலன்னா நமக்கு இது இல்லன்னு உட்டுடுவேன்.”

இது பரீட்சை இல்லை அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அது அச்சடித்தே இருக்கிறது: ‘உங்கள் திறமையைச் சோதிப்பது இந்த ஆய்வின் நோக்கம் அல்ல.’ விதிப்படி அதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் பக்கத்தில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் அது பரீட்சைதான். அந்த வாக்கியத்தை நம்பிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது, நாள் வீணாகவில்லை.

நான் கொடுத்த புரோகிராம் சின்னதுதான். பத்துப் பேருடைய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே அதில் ஒரு தப்பை வைத்திருந்தேன். ஒன்பது பேரோடு கூட்டல் நின்றுவிடும், கடைசி ஆள் விட்டுப்போவார். ஓரிடத்தில் ஒரே ஒரு சமக்குறி சேர்த்தால் சரியாகிவிடும். திருத்தியதும், திரையில் நான் வைத்திருக்கும் ‘ரன்’ பொத்தானை அமுக்கினால் விடை வரும். நேரம் நாற்பது நிமிடம்.

அக்கா பேசிக்கொண்டே செய்தார். மாணவர்கள் ஆங்கிலத்தில் முனகுவார்கள், இவர் பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவது போலப் பேசினார். “கூட்டுறது சரியா இருக்குது. எண்ணுறதுலதான் ஒருத்தன் கொறையுறான். எவன் அவன்? மொத ஆளா, கடைசி ஆளா? கடைசி ஆளுதான். அப்ப இங்கதான் சீக்கிரமா நின்னுடுது. இங்க ஈக்குவல் டூ போட்டா போதும்.” எட்டாவது நிமிடத்தில் போட்டுவிட்டார். பொத்தானை அமுக்கினார். விடை மாறவில்லை.

இன்னொரு முறை அமுக்கினார். அதே விடை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “மிஷின் மேல சந்தேகமா இருக்குது” என்றார். நான் நோட்டில் எழுதினேன். என் ஆய்வில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு உண்டு. இதற்கான தலைப்பு ‘கருவியைப் பழித்தல்’. அரைகுறையாகக் கற்றவர்களின் அடையாளம் அது என்று என் ஆய்வு முன்வரைவில் நானே எழுதியிருக்கிறேன்.

நான் எழுதி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு, “இல்ல, இல்ல. மேடம் செட் பண்ணி வெச்சது. தப்பா இருக்காது. நான்தான் தப்பு” என்றார். போட்ட சமக்குறியை அழித்தார்.

அதன் பிறகு முப்பது நிமிடம். சரியாக இருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். சேர்த்தார், அழித்தார், அமுக்கினார். பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. ‘பேசுங்க’ என்றேன். “இன்னா பேசுறது மேடம்” என்றார். ஜன்னலுக்கு வெளியே மலைப்பாறையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அவர் சரியாக எழுதியும் விடை வரவில்லையே, ஏன் என்று எனக்குத் தோன்றியதா? யோசித்துப் பார்த்திருக்கிறேன். தோன்றவில்லை. அவர் சரியாக எழுதினாரா என்றே நான் பார்க்கவில்லை. அவர் வாயையும் என் நோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரம் முடிந்தது. “வரல மேடம்” என்றார். படிவத்தின் கடைசியில் இருக்கும்படி, ‘கலந்துகொண்டதற்கு நன்றி’ என்றேன்.

திங்கட்கிழமை லேபில் பார்த்தபோது கேட்டேன்.

“அப்ளிகேஷன் அனுப்பிட்டீங்களா அக்கா?”

“இல்ல மேடம். உட்டுட்டேன்.”

“சரி” என்றேன். ஒரு ‘ஏன்’ கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கவில்லை. சேர்ந்தால் சேரட்டும், விட்டால் விடட்டும் என்றுதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, விடுமுறை நாளொன்றில் வீட்டில் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். அக்காவுடையது வந்தது. எட்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். அவர் எழுதியதை அப்படியே என் மடிக்கணினியில் போட்டு ஓட்டினேன். சரியான விடை வந்தது.

திரைப் பதிவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை பொத்தானை அமுக்கும்போதும், ஓடுவது எந்தக் கோப்பு என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். அதில் இருந்தது அக்கா திருத்திக்கொண்டிருந்த கோப்பு இல்லை. அதே கணினியில் நான் தனியாகப் போட்டு வைத்திருந்த, தப்போடு கூடிய மாதிரிப் பிரதி. அவர் எதை மாற்றினாலும் என்னுடைய பிரதிதான் ஓடியிருக்கிறது. அந்தப் பொத்தானை முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு கணினியாக நான்தான் வைத்தேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகத்தான் நினைத்தேன். ஒன்றில் பிசகிவிட்டேன்.

சென்னையில் இருக்கும் என் ஆய்வு நெறியாளருக்கு போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், அவசரக்காரர். “ஒரு ஆள்தானேம்மா, எடுத்துடுங்க. கருவிக் கோளாறுன்னு காரணம் போட்டுடுங்க” என்றார். எடுத்தேன். காரணத்தையும் அப்படியே எழுதினேன். அக்கா சொன்னால் அது பழித்தல், நான் எழுதினால் அது காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போதே இது எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வைத்தேன்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாளானது. வெட்கத்தால் தள்ளிப்போட்டேன் என்று எழுத ஆசைதான். வெட்கம் வந்திருந்தால் சீக்கிரம் சொல்லியிருப்பேன். மரத்துப்போன காலை ஊன்றுவது போலத்தான் இருந்தது: தரை இருக்கிறதென்று தெரிகிறது, கால் பட்டது உறைக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் மாணவர்கள் வருவதற்கு முன்னால் லேபுக்குப் போனேன். அக்கா உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னைக்கு நீங்க எட்டாவது நிமிஷத்துலயே சரியா போட்டுட்டீங்க. நான் வெச்ச பட்டன்தான் தப்பு. வேற ஃபைலை ஓட்டிக்கிட்டு இருந்துச்சு.”

“தெரியும் மேடம்” என்றார்.

“எப்போ தெரியும்?”

“மறுநாள் காலையிலயே. மனசு கேக்கல, இன்னொரு வாட்டி போட்டுப் பாத்தேன். பட்டன் எங்கியோ போவுதுன்னு தெரிஞ்சுது. மாத்தி வெச்சிட்டேன். அடுத்து ஒக்கார்ற புள்ளைங்க மாட்டக் கூடாதில்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க ஏற்கெனவே டென்ஷன்ல இருந்தீங்க. இதையும் வேற சொல்லணுமான்னுதான்.”

என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மறுநாள்னா வியாழக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சே அக்கா. நீங்க போட்டது சரின்னு தெரிஞ்சும் ஏன் அனுப்பல?”

அக்கா கையில் இருந்த உறையை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பதில் தடங்கலில்லாமல் வந்தது.

“பட்டன் தப்புதான் மேடம். ஆனா சரியா போட்டத அழிச்சது நான்தானே. ஒருத்தரும் அழிக்கச் சொல்லல. அதான் யோசிச்சேன். இது நமக்கு ஆவாதுன்னு உட்டுட்டேன்.”

“நான் பக்கத்துல இருந்ததாலதான் அழிச்சீங்க.”

“இருக்கலாம். வேலைக்குப் போனாலும் பக்கத்துல யாராவது ஒக்காந்துதானே இருப்பாங்க மேடம்.”

நெஞ்சில் எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

“அவங்க பேசுவாங்க அக்கா” என்றேன். “நான்தான் பேசாம ஒக்காந்திருந்தேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற எண்ணமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார்.

“ஆமா. நீங்க ஒரு வார்த்த பேசியிருந்தா அனுப்பியிருப்பேன்.”