பந்துத் தலையர்களுக்குத் தைத்த காலம்

காற்சட்டை அடி மடித்தே கண் பூத்துப்போன தையல்காரர்களே, உங்களிடம் வருகிறவர்கள் வண்டி வயிற்றைத்தான் மறைப்பார்கள். என்னிடம் வந்தவர்கள் முகத்தையே மறைத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில், யோகம் அண்ணையின் உடுப்புத் திருத்தும் ஓல்ட்டரேஷன் கடையில் மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாக என்னைச் சேர்த்திருந்தார்கள். நிரந்தரமானால்தான் வேலையை உறுதிசெய்யும் ஜொப் லெட்டர். அது இருந்தால்தான் கொழும்பில் காத்திருந்த மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மண்டபத்தில் மல்லுக்கட்ட மெக்சிக்கோவிலிருந்து முகமூடி மல்யுத்தக்காரர் இருவர் வந்திறங்கினார்கள். ஆளுக்கொரு விளையாட்டு வேஷம்: ஒருவர் உதைபந்துக் கோல்காப்பாளர், மற்றவர் பேஸ்போல்காரர்.

கண்ணை மூடி அளவெடுத்தது

கோல்காப்பாளர் புது முகமூடிக்கு அளவு கொடுக்கப் பழைய முகமூடியோடு வந்தார். வெளியாள் முகத்தைப் பார்த்தால் மானம் போய்விடுமாம். நானும் மூடிக்கு மேலாலேயே அளந்து தைத்தேன். புதியது தொளதொளவென்று கழுத்தில் வந்து விழுந்தது. அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு அறைக்குள் அவர் மூடியைக் கழற்ற, நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கு, நாடி, பிடரி என்று தடவித் தடவி அளந்தேன். வெளியே வந்து அவர் சொன்னதை, என் அரைகுறை ஆங்கிலத்துக்கு விளங்கியபடி எழுதுகிறேன்: "என் அம்மாவுக்குப் பிறகு இந்தத் தலையை இவ்வளவு பொறுமையாகத் தடவியவர் நீங்கள்தான்."

வலைக்குப் பின்னால் வாய்

கோல்காப்பாளர்தானே என்று அவருடைய வாய்க்கு வலை வைத்துத் தைத்தேன். அண்ணையின் மனைவி மட்டன் ரோல்ஸ் நீட்ட, மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மூடியைக் கழற்றவும் மாட்டார். அன்ரிக்கு மனசு பொறுக்கவில்லை. "பாவம் தம்பி, உந்த வலையை வெட்டிவிடும். பட்டினியோட என்னெண்டு மல்லுக்கட்டுறது?"

பிழையாகத் தைத்த தலை

"பந்து மாதிரித் தலை வேண்டும், தையல் தெரியவேண்டும்" என்று சொல்லிப் போனார் பேஸ்போல்காரர். ஊரே பேஸ்போல் பைத்தியமாகத் திரிந்த காலம், ஆனால் வேலையும் வீடுமாகக் கிடந்த எனக்குத் தெரிந்த பந்து ஒன்றுதான். நல்ல சிவப்புத் துணியில் நெற்றியிலிருந்து பிடரிவரை நேராக வெள்ளைத் தையல் ஓட்டினேன். போட்டியன்று எடுக்க வந்தவர் தலையில் கைவைத்தார். பேஸ்போல் வெள்ளையாம், சிவப்புத் தையல் வளைந்து ஓடுமாம். நான் தைத்தது அசல் கிரிக்கெட் பந்து! பழைய மூடி கிழிந்திருந்ததால் அதையே போட்டுக்கொண்டு போனார். அண்ணை, "திங்கட்கிழமை கதைப்பம்" என்றார்.

மனம் கேளாமல் மண்டபத்துக்குப் போனேன். சிவப்புத் தலை மேடையேறியதும், ஜமேய்க்கா, கயானாக்காரரும் எங்கடை ஆட்களுமாக அரைவாசிச் சனம் எழுந்து நின்றது. எதிராளி விழுந்தபோதெல்லாம் அம்பயரிடம் அவுட் கேட்பதுபோல "ஹவ்ஸாட்!" என்று கத்தியது. மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அப்படியொரு வரவேற்பை அவர் கண்டதேயில்லையாம். திங்கட்கிழமை எனக்கு முன்னதாகவே கடை வாசலில் நின்றார். "இதே பிழையை இன்னும் இரண்டு முகமூடியில் விட்டுத் தாருங்கள்."

அண்ணை அன்றைக்கே கடிதம் தந்தார், அடுத்த வருடம் மனைவியும் வந்து சேர்ந்தாள். ஒருநாளும் பத்து ஓட்டம் தாண்டாத எனக்குக் கிரிக்கெட் செய்த ஒரே உதவி இதுதான் என்றாலும், அதற்கும் முகம் தெரியாத அந்த இரண்டு மனிதருக்கும் நான் சாகும்வரை நன்றிக்கடன் பட்டவன்.