வடக்குப்பட்டில் ஒரு சிகாகோ டைம்பீஸ்

போன ஞாயிறு பிற்பகல் மூன்று இருபது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட். மூன்று மணிக்கு வரவேண்டிய டவுன் பஸ் இன்னும் வரவில்லை. எங்கள் இருவரைத் தவிர முப்பத்தெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும் என் பக்கத்தில் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'எதையாவது எண்ணாமல் உங்களால் இருக்கவே முடியாதா?' என்று மாதம் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவராவது எழுதிக் கேட்கிறார். எப்படி முடியும்? முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை டைம் ஆபீஸில் வருகை அட்டை எண்ணியவன் நான். எண்ணாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

என் பக்கத்தில் நின்றவர் நைஜீரியாக்காரர். சொந்த ஊர் லாகோஸ். மெட்ராஸில் இன்ஜினீயரிங் படிக்கிறார். ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஸ்பிரிங் கம்பெனியில் ஆறு வாரப் பயிற்சி. தங்கியிருப்பது எங்கள் வீட்டு மாடியில். பெயர் அடேவாலே. சிநேகிதர்கள் சுருக்கமாக 'அடே' என்பார்களாம். விருந்தாளியை எப்படி ஐயா 'அடே' என்று கூப்பிடுவது? நான் நான்கு எழுத்தையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரே பைத்தியம் – அமெரிக்கா.

அதிலும் உயரமான கட்டடங்கள், சினிமா நடிகைகள் மேலெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. அன்றாட அமெரிக்கா வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் இல்லையாமே, மீதிச் சில்லறை யார் தருவார்? தட்டை மிஷின் கழுவுகிறது, சரி… அந்த மிஷினை யார் கழுவுவது? பனியில் செருப்புப் போட்டு நடக்கலாமா? பக்கத்து வீட்டுக்குப் போவதற்குக்கூட முன்னதாகப் போன் பண்ண வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். அறுபத்து நான்கு கேள்விகள்!

இது அவருடைய தனிப் பைத்தியம் இல்லையாம். ஊர்ப் பைத்தியம். அவர் தெருவில் ஒருவருக்கு அமெரிக்க விசா கிடைத்தால் இரண்டு வேன் பிடித்து விமான நிலையம் வரை வழியனுப்பப் போவார்களாம். போனவர் திரும்பி வந்தால் கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டாராம். "எங்கள் தெருவில் அமெரிக்கா போய்வந்தவர்கள் மூன்றே பேர் சார். ஆனால் அமெரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முந்நூறு பேர்" என்றார்.

"படிக்க வந்தது இந்தியாவுக்கு. விசாரிப்பது அமெரிக்காவையா?" என்று ஒருநாள் கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

"இந்தியா எனக்குப் பஸ் ஸ்டாண்ட் சார்" என்றார், சிரித்துக்கொண்டே. "கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல பஸ் ஸ்டாண்ட்."

நாம் சிரிக்கலாமா இதற்கு? கூடாது. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊர் வடக்குப்பட்டு. அங்கே ராஜம்மா இருக்கிறார். கணவர் இல்லை. கொஞ்சம் நிலம், ஒரே பிள்ளை சேகர். டிப்ளமா படித்த பையன். இரண்டு வருஷம் ஒரு மாதத்துக்கு முன்னால் சிகாகோவில் வேலை என்று புறப்பட்டுப் போனான். அன்றிலிருந்து ராஜம்மா வீட்டில் இரண்டு கடிகாரம். சுவரில் இருப்பது நம்ம நேரம். அலமாரியில் இருக்கும் டைம்பீஸ், சிகாகோ நேரம். பிள்ளை இப்போது தூங்குகிறானா, வேலைக்குப் போய்விட்டானா என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்தாக வேண்டும். வைத்துக் கொடுத்தவன் நான்தான்.

சும்மா இல்லை. அமெரிக்காவில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நானே பஸ் ஏறிப் போய் முள்ளைத் திருப்பியிருக்கிறேன். இதுவரை நான்கு தடவை. அந்த அம்மாள் தொட மாட்டார். "தப்பாத் திருப்பிட்டன்னா புள்ள அங்க அல்லாடுவான் சார்" என்பார்.

சேகருக்குப் பெண் பார்த்ததிலும் என் கை இருக்கிறது. பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருக்கும் தணிகாசலம் எனக்குப் பழக்கம். அவர் மகள் டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண். 'பையன் அமெரிக்காவில் இருக்கிறான், நான் பொறுப்பு' என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். தை மாதம் சேகர் வந்து தாலி கட்டி, கையோடு பெண்ணை விமானத்தில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. அந்த ஞாயிறு நாலு மணிக்குத் தணிகாசலம் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, நாள் குறிக்க வருகிறார்.

ராஜம்மா எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஒங்க மாடில கீற வெளிநாட்டுக்காரரையும் இட்டுக்கினு வாங்க சார். அமெரிக்காவப் பத்தித் தெரிஞ்சவரு ஒருத்தரு கூட இருந்தா நமக்கும் ஒரு மதிப்பு." அதோடு சேகரின் கடிதக் கட்டையும் கொடுத்து அனுப்பினார், அடேவாலேவுக்குப் படித்துக் காட்டச் சொல்லி. முதல்நாள் சாயங்காலம் பதினான்கு கடிதத்தையும் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன்.

பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. ஒரகடம் ரோட்டில் திரும்பியதும் அடேவாலே மெதுவாகக் கேட்டார்:

"சார், நீங்கள்தான் எல்லாவற்றையும் எண்ணுவீர்களே. அந்தப் பதினான்கு கடிதங்களில் பனி எத்தனை தடவை வருகிறது?"

பையிலிருந்து கட்டை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினேன். நான்கு ஸ்டாப் தாண்டியது.

பனி – ஒரு தடவைகூட இல்லை.

"கரண்ட் போய்விட்டது, மெழுகுவத்தியில் எழுதுகிறேன் என்பது?"

ஐந்து தடவை.

"சிகாகோவில் கரண்ட் போகுமா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடித உறைகளைப் பார்த்தேன். பதினான்கிலும் நம் நாட்டுத் தபால்தலை! அமெரிக்காவிலிருந்து நேராக அனுப்பினால் தொலைந்துவிடுகிறது என்று, ஊருக்கு வருகிற சிநேகிதர்களிடம் கொடுத்தனுப்புவதாகவும், அவர்கள் மெட்ராஸில் தபாலில் சேர்ப்பதாகவும் சேகர் எழுதியிருந்தான். நாம் எழுதுவதையும் மெட்ராஸ் சிநேகிதர் ஒருவர் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தான். இரண்டு வருஷமாக நம்பியிருக்கிறேன். சட்டைப் பொத்தானைக்கூட எண்ணுகிறவன், இதை எப்படி எண்ணாமல் விட்டேன்?

நாலு பத்துக்கு ராஜம்மா வீடு. தணிகாசலம் எங்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடேவாலேவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அய்யா பேரு?"

"அடே" என்றார் அவர், பெருமையாக.

தணிகாசலம் ஒரு கணம் திகைத்து என்னைப் பார்த்தார். "பேருதாங்க" என்றேன்.

"அப்பாடி! வந்ததும் வராததுமா நம்மள அதட்டுறாரோன்னு பயந்துட்டன்" என்று அவர் சிரிக்க, ராஜம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இத்தப் பாருங்க" என்று ராஜம்மா டைம்பீஸைக் காட்டினார். "அங்க இப்ப வெடிகாலம் ஆறாவப் போவுது. புள்ள இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்துக்குவான். தெனம் நம்ம நேரம் நாலரைக்கு அலாரம் அடிக்கும். நானும் எழுந்துக்கோ ராஜான்னு இங்கருந்தே சொல்லுவன்."

"இவ்ளோ பாசமா கீற மாமியாரு எம்பொண்ணுக்குக் கெடைக்கணுமே" என்றார் தணிகாசலம். "அந்தப் போட்டோ வந்திடுச்சாம்மா?"

ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ ஒன்று வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் சேகர் அனுப்பிய முதல் போட்டோ. இரண்டு நாள் முன்னால்தான் வந்தது. நானே இன்னும் பார்க்கவில்லை.

கலர்ப் போட்டோ. ஒரு கார் மேல் கைவைத்தபடி சேகர். பின்னால் பெரிய பாலம். பாலத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் வேன், நடுவில் கறுப்புப் பட்டை. வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, தலையில் தட்டு.

"அமெரிக்காவுலயும் தலையில வெச்சிக்கினுதான் விக்கறாங்க பாருங்க சார்!" என்றார் ராஜம்மா, ஆசையாக.

நான் போட்டோவை அடேவாலேவிடம் கொடுத்தேன். வாங்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது – அறுபத்து நான்கு கேள்விக்கும் பதில் கைக்கு வந்துவிட்ட மாதிரி. பார்த்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது. போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு, ஆங்கிலத்தில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"சார், இந்த வேனில்தான் என் அம்மா மார்க்கெட்டுக்குப் போகிறாள்."

அந்த நேரம் பார்த்து டைம்பீஸ் அலாரம் அடித்தது. வீடே அதிர்ந்தது.

"எழுந்துக்கினான்!" என்று ராஜம்மா கைதட்டினார்.

தணிகாசலமும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இன்னா சொல்றாரு அய்யா?" என்று என்னைக் கேட்டார்.

"போட்டோ நல்லா இருக்குன்னு சொல்றார்" என்றேன்.

ஒரே வாக்கியம். அறுபத்தெட்டு வயதில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

ஆனால் எங்கள் மாடிக்கு வந்த சில வாரத்தில் அடேவாலே கொஞ்சம் தமிழ் கற்றிருக்கிறார். 'நல்லா இருக்கு' அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சாம்பாருக்குத் தினமும் அவர் சொல்வதுதானே? என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தணிகாசலம் விடவில்லை. "அவருக்கு அமெரிக்கா அத்துப்படின்னு ராஜம்மா சொன்னாங்களே சார். இது எந்த எடம்னு கேளுங்க. எம்பொண்ணாண்ட போயி சொல்லணும். அவ மேப்பெல்லாம் வாங்கி வெச்சிக்கினு கீறா."

மேப் வாங்கி வைத்திருக்கிறாளாம்.

அடேவாலேவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்: "என் அக்காவும் ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாள் சார். ஹூஸ்டன் என்றார்கள். மூன்று வருஷம் பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்தாள். அவன் பக்கத்து நாட்டில் சிமெண்ட் விற்றுக்கொண்டிருந்தான். எனக்குத் தமிழ் போதாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சுவர்க் கடிகாரம் டிக், டிக் என்றது. இருபத்திரண்டு வரை எண்ணினேன். இந்தப் பக்கம், இரண்டு வருஷமாக மகனைத் தினமும் எழுப்பிவிடும் தாய். அந்தப் பக்கம், என் கையெழுத்தை நம்பி விமானம் ஏறப்போகிற பெண்.

இருபத்து மூன்றாவது டிக்குக்குச் சொல்லிவிட்டேன்.

"இது அமெரிக்கா இல்லைங்க. நைஜீரியா. லாகோஸ். இவர் ஊர்."

தணிகாசலம் போட்டோவை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அதைப் பலகை மேல் கவிழ்த்து வைத்தார்.

"வேல எங்க செஞ்சா இன்னா சார்? லாகோஸ்னே சொல்லியிருந்தா லாகோஸ்னே யோசிச்சிருப்பன். பொய்யி சொல்லிட்டாரே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுன லெட்டரு இன்னும் எங்கிட்ட பத்திரமாத்தான் கீது."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவருக்குக் கொடுத்த காப்பி பாதி டம்ளரில் அப்படியே இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று ராஜம்மாவைப் பார்த்து, "ஒம்மேல தப்பில்லம்மா. எம்பொண்ணாண்ட உள்ளதச் சொல்றன். இனிமே அவதான் சொல்லணும்" என்றார். போய்விட்டார்.

ராஜம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழுவார், பிள்ளையைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று பயந்தபடி இருந்தேன். எதுவும் இல்லை. அடேவாலேவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவரு ஊர்ல இப்ப மணி இன்னா?"

சுவரைப் பார்த்தேன். நாலு நாற்பது. நமக்கும் லாகோஸுக்கும் நாலரை மணி வித்தியாசம் என்றார் அடேவாலே.

"பன்னிரண்டு பத்தும்மா. உச்சி வெயில்."

"அப்ப… அவன் எழுந்து அரை நாளாச்சா?"

"ஆமாம்."

"ரெண்டு வருசமா வேல செஞ்சிக்கினு கீற புள்ளயவா நான் எழுப்பிக்கினு இருந்தன்?"

அந்த அம்மாள் எழுந்து போய் டைம்பீஸை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"திருப்புங்க."

ஆறு மணி நேரம் முன்னால் வைக்க வேண்டும். பெரிய முள்ளை ஆறு முழுச் சுற்று. திருகைப் பிடித்துச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ராஜம்மா மெதுவாகத் தலையாட்டினார் – பிள்ளை ஒவ்வொரு மணி நேரமாகக் கிட்டே வருவது போல. பன்னிரண்டு பத்தில் நிறுத்தினேன்.

"சாப்புடற நேரந்தான்" என்றார். பிறகு அடேவாலேவிடம் நேராகவே கேட்டார், தமிழில்: "ஒங்க ஊர்ல சோறு கெடைக்குமா ராஜா?"

"சோறு… நல்லா இருக்கு" என்றார் அடேவாலே. அவர் கண் கலங்கியிருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. சேகர் ஏன் பொய் சொன்னான்? அமெரிக்க வேலை கைக்கு வராமல் போயிருக்கும். லாகோஸில் ஒன்று கிடைத்திருக்கும். நல்ல வேலையாகக்கூட இருக்கலாம். அதை ஊருக்குச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வரவிடாமல் செய்தது யார்? தணிகாசலத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். அதில் 'சேகர்' இரண்டு தடவை வருகிறது. 'அமெரிக்கா' ஏழு தடவை.

லாகோஸ் தெருவில் முந்நூறு பேர் என்றாரே அடேவாலே… முந்நூற்று ஒன்றாவது ஆள் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறேன்.

வியாழக்கிழமை தணிகாசலத்திடமிருந்து கார்டு வந்தது. அவர் மகள், அந்த மெட்ராஸ் விலாசத்துக்கு, சேகருக்குத் தானே கடிதம் எழுதியிருக்கிறாளாம். ஒரே ஒரு கேள்வி: 'வேறு எதையெல்லாம் மாற்றிச் சொன்னீர்கள்?' பதில் வந்த பிறகுதான் முடிவு. நியாயமான பெண். சேகருக்கு நானும் எழுதிப் போட்டிருக்கிறேன், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லி. ராஜம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'மத்தியானம் சாப்பிட மறக்காதே.'

அடேவாலே தன் நோட்டை மூடவில்லை. அமெரிக்கா போகத்தான் போகிறாராம். ஆனால் அறுபத்தைந்தாவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்: 'போய்ச் சேர முடியாவிட்டால், அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?'

லாகோஸில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லையாம். இனி நான் முள்ளைத் திருப்ப வடக்குப்பட்டுக்குப் போக வேண்டியதில்லை – ஆனாலும் நாளைக்கு மூன்று மணி பஸ்ஸுக்கு நிற்கப் போகிறேன்.