குதிரையை லாயத்துக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைப்பதா

1. மகன் வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற குதிரையை என்னால் தனியாகப் பராமரிக்க முடியாது.
2. துணையில்லாமல் அதுவும் ஏங்குகிறது.
3. எனவே பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து லாயமே சரி.

இப்படி முடிவெடுத்த பிறகும் இன்று காலை முழுவதும் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

லாயத்து வேன் வந்தது. வேனில் ஏறச் சாய்த்துவைத்த பலகையில் குதிரை ஒரு கால் வைக்கும், உடனே பின்வாங்கித் திரும்பிப் பார்க்கும்.

"என்னத்த அண்ணாச்சி இப்படித் தேடுது?" என்றார் டிரைவர்.

என்னைத்தான் தேடுகிறது என்று நினைத்துக் கண்கலங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு பிலோமினா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஆட்டைல்லா தேடுது! நீங்க உள்ள போயி கதவடச்சதும் அது மதிலத் தாண்டி வந்து குதிரைகிட்டதான படுக்கும். ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

ஆட்டை அவிழ்த்துவிட்டார். அது ஓடிவந்து வேனில் ஏறியது. குதிரையும் பின்னாலேயே ஏறியது.

"ஏலே தம்பி, எங்க ஆட்ட எறக்கிட்டுப் போ!"

ஆட்டை இறக்கினோம். குதிரையும் இறங்கிவிட்டது. வேன் காலியாகவே திரும்பியது.

இனி என்ன செய்வதென்று மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறேன். ஆட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் லாயம் இருந்தால் சொல்லுங்கள்; பிலோமினாவிடம் ஆட்டைக் கேட்கவும் யாராவது துணைக்கு வாருங்கள்.

என் இரண்டாவது கருத்து தவறு.