இரட்டைப் பெயர்களை அழித்த நாள்

எண்பதுகளின் கடைசியில், இலங்கையில் ஹட்டன் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கம்பியூட்டர் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த பயலுக்கு மேசை, நாற்காலி, முன்னால் பச்சை எழுத்து மின்னும் ஒரு பெட்டி! தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. என் அப்பாவோடு மலையில் வேலை செய்தவர்கள் வாசலில் நின்று "ஐயா" என்று கூப்பிட்டால், காது கேட்காதவன் மாதிரி இன்னும் நாலு எழுத்தைத் தட்டிவிட்டுத்தான் திரும்புவேன்.

அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்த பழைய பதிவேடுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. ஈரத்தில் ஊறிப் பூசணம் பிடித்துக் கிடந்தன. எட்டு மாதம் உட்கார்ந்து பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கம்பியூட்டரில் ஏற்றினேன். முடிந்ததும், "இனி இந்தக் குப்பை எதுக்குங்க சேர்?" என்று தோட்ட மேனேஜரான துரையிடம் கேட்டவனும் நான்தான். பதிவேடுகள் ஃபாக்டரி அடுப்புக்குப் போயின. ஈரக் காகிதம் எரிய மாட்டாமல் புகைந்ததை நின்று வேடிக்கை பார்த்தேன்.

பிறகு ஒரு நாள், கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் மறுநாள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்தி அச்சடித்துக் காட்ட வேண்டும். அன்று காலையிலேயே புரோகிராமை ஓட்டினால் பாதியில் நின்றுவிட்டது. டிஸ்கில் இடமில்லை. வரிசைப்படுத்த வேண்டுமானால் பட்டியல் அளவுக்கு இன்னொரு மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அந்த டிஸ்கின் மொத்தக் கொள்ளளவே இருபது மெகாபைட்தான். பகலுக்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டு துரை போய்விட்டார்.

எதை அழிப்பது? என் பழைய புரோகிராம்களின் பிரதிகள் ஏழெட்டுக் கிடந்தன. ஒன்றுக்கும் உதவாதவை. ஆனாலும் நான் எழுதியதாயிற்றே, கை வரவில்லை. கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. தேத்தண்ணி நேரத்தில் துரை அதைத்தான் விளையாடுவார், அதில் கை வைத்தால் என் சீட்டுக் கிழிந்துவிடும். மிச்சம் இருந்தது தோட்டத்துச் சனங்கள்தான்.

பழைய கிளாக்கர்மார் பதிவேட்டை இரண்டு முறை படியெடுத்திருந்ததால் ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருந்தது எனக்குத் தெரியும். தேதிகளை அவர்கள் கைக்கு வந்தபடி எழுதியிருந்தார்கள், நம்ப முடியாது. ஆகவே பெயரும் தகப்பன் பெயரும் ஒத்திருந்தால் பிந்தியதை வைத்துக்கொண்டு முந்தியதை அழித்துவிடு என்று ஐந்தாறு வரியில் ஒரு கட்டளை எழுதி ஓட்டினேன். மளமளவென்று இடம் கிடைத்தது. விசில் அடித்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

எங்கள் சனத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். அதனால் கிழவருக்கும் பேரனுக்கும் பெயரும் ஒன்று, தகப்பன் பெயரும் ஒன்று. இது எனக்குத் தெரியாதா? என் பெயரே என் தாத்தா பெயர்தானே! அந்த மண்டையில் அன்றைக்கு அது உறைக்கவில்லை. பேரன்மாரை வைத்துக்கொண்டு கிழவர்களையெல்லாம் வழித்தெறிந்துவிட்டேன். அன்று சாயந்தரமே, பெரிய பொறுப்பான ஆள் போல, காப்புக்கு வைத்திருந்த ஃபிளாப்பிகளிலும் பழையதன் மேல் இந்தப் புதுப் பட்டியலை ஏற்றி வைத்தேன். மறுநாள் வந்த அதிகாரிகள் என் தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே முதுகு கூனிப்போனவர். அவருடைய ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாப் பக்கம் குடியேறியிருந்தாள். வழியெல்லாம் ஆமிக்காரர்களின் செக்கிங். அடையாள அட்டை இல்லாமல் அங்கே போக முடியாது. அட்டை எடுக்க, இந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று துரையின் கடிதம் வேண்டும். வேறு எந்தத் தாளும் அவரிடம் கிடையாது.

"மக படுத்த படுக்கையா கெடக்குங்கய்யா. கண்ண மூடுறதுக்குள்ள அப்பாவ ஒருக்கா பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்கு. நான் இங்கனதான் பொறந்தேன். பொட்டியில இருக்கும், பாத்துச் சொல்லுங்க."

தேடினேன். என் தோளுக்கு மேலால் பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! பெரியவரே, ஒங்களுக்கு ஏழு வயசுதானாம்! இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகலியா?"

ஆபீசே சிரித்தது. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக் கிழவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் நான் செய்தது விளங்கிவிட்டது.

"ஏழு வயசு எம் மகன் பெத்த பேரனுங்க," என்றார் அவர். "எனக்கு அறுவது தாண்டிருச்சு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அழித்துவிட்டேன், இவர் இங்கே பிறந்தவர்தான், என் கையாலேயே ஏற்றினேன் என்று துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதானே? நான் சொன்னது இது:

"ஒங்க பேரு ஏட்டுலயே இல்ல. ஒங்க அப்பா பதியாம விட்டுட்டாரு."

"எங்கப்பனா? அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லிங்களே."

"அந்தக் காலத்து ஆளு, கள்ளுக்கடையில கெடந்திருப்பாரு. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஐயோ, என் வாய் புழுத்திருக்க வேண்டாமா! அவர் இன்னும் மூன்று தடவை வந்தார். "இன்னொருக்கா தேடிப் பாருங்கய்யா" என்பார். நானும் தேடுகிற மாதிரி எதையாவது தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். ஏட்டில் இல்லாத ஆளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் துரை. அதற்கப்புறம் அவர் வரவில்லை, வவுனியாவிலிருந்து தந்திதான் வந்தது. அடக்கத்துக்கும் அவரால் போக முடியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ஆபீசுக்குப் போகும் பாதையில் என்னைக் கண்டு நின்றார். கையில் ஒரு தூக்குவாளி.

"நேத்து மகளுக்குப் படைச்சேனுங்கய்யா. அப்பனுக்குப் படைக்கல. இத்தன வருசமா மொத எலை அவருக்குத்தான் போடுவேன். பெத்த புள்ள பேர எழுதி வைக்கத் துப்பில்லாத மனுசனுக்கு இனி என்னத்துக்குச் சோறு? நான் இருக்கிற வரைக்கும் அவருக்கு எலை கெடையாது. நீங்க மட்டும் எடுத்துச் சொல்லலேன்னா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

தூக்குவாளியைத் திறந்து, மகளுக்குப் படைத்த அதிரசத்தில் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க இரண்டையும் தின்று முடித்தேன்.